படத்தில் அவளுக்குப் பெயர் இருந்தது

எங்கள் வீட்டில் வாரப் பத்திரிகையைப் பெரியப்பாதான் முதலில் பிரிப்பார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படிப்பார். அப்பாவுக்குச் சென்னையில் வேலை. அதனால் வலங்கைமான் பக்கத்தில் இருந்த எங்கள் நிலத்தையும் எங்களையும் பெரியப்பாதான் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் பத்திரிகை முழுக்க ஒரு படத்தைப் பற்றிய சண்டைதான். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே திரும்பத் திரும்பப் படித்துவந்த ஒரு பழைய நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். நாவலில் மிராசுதார் உத்தமர். அவர் வயலில் நடவு நடும் ஒருத்தி ஆற்றில் விழுந்து சாவது நாலு வரியில் முடிந்துவிடும். படம் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஒரு பெயர் வைத்து, அவள் ஏன் ஆற்றுக்குப் போனாள் என்று முழுக்கதையையும் அவள் பக்கமிருந்து சொன்னது. நாவலைக் கொலை செய்துவிட்டார்கள் என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்ததைப் பெரியப்பா இரண்டு முறை படித்தார். கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி ஆட்கள் வரப்பில் செங்கொடி நட்டிருந்த சமயம் அது. இந்த வீட்டிலிருந்து யாரும் அந்தப் படத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

என் சொத்தைப் பல்லைக் காட்டவேண்டும் என்று அம்மா என்னைக் கும்பகோணத்துக்கு அழைத்துப்போனாள். பல்லையும் காட்டினோம், படத்தையும் பார்த்தோம். திரும்பும்போது பஸ்ஸில், "யாராச்சும் கேட்டா, டாக்டர்கிட்ட கூட்டமா இருந்துச்சுன்னு சொல்லு" என்றாள். அதற்கப்புறம் ஒரு வாரம், யார் என்னைக் கூப்பிட்டாலும் கொல்லைப் பக்கம் ஓடி ஒளிந்துகொண்டேன்.

அம்மா அதோடு நிற்கவில்லை. எங்கள் கொல்லையில் வேலை செய்ய மூன்று பெண்கள் வருவார்கள். படம் பார்த்த மறுநாள் அவர்களில் ஒருத்தி மாட்டுக் கொட்டகையில் தனியாக இருந்தபோது, அம்மா என்னோடு அங்கே போய், "உன் பேரு என்ன?" என்று கேட்டாள். அவள் பத்து வருஷமாக வந்துகொண்டிருந்தவள்.

"எதுக்குங்கம்மா?" என்றாள் அவள், பயந்துபோய்.

"சும்மாதான்."

"காசாம்புங்க."

அம்மா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து என்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துத் தபால் பெட்டியில் போடச் சொன்னாள். பத்திரிகையின் விலாசம் இருந்தது. தபால் பெட்டிக்கு எதிரேதான் பெரியப்பா உட்காரும் ரைஸ் மில். இரண்டு நாள் அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டே திரிந்து, மூன்றாம் நாள் அவர் இல்லாத நேரம் பார்த்துப் போட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, "நம்ம பக்கத்து அம்மா யாரோ எழுதியிருக்காங்க" என்று பெரியப்பா உற்சாகமாக ஆரம்பித்தார். படம் நாவலைக் கெடுத்துவிட்டதாகத் தனக்குத் தோன்றவில்லை, இத்தனை முறை படித்தும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை என்பதைத் தான் கவனித்ததே இல்லை என்று அம்மா எழுதியிருந்தாள். 'பத்து வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவளின் பெயரைப் படம் பார்த்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்' என்ற இடத்தில் பெரியப்பாவின் குரல் தணிந்தது. கீழே அம்மாவின் பெயரும் எங்கள் ஊரும் இருந்தன. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

கத்தப்போகிறார் என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்கே. அந்தப் பொண்ணு பேரு என்ன?"

அவர் மறுபடியும் கேட்டார், முன்னைவிட மெதுவாக. அம்மா இன்னும் தாமதித்தால் அவருக்குக் கோபம் வந்துவிடுமே என்று எனக்குப் பயமாக இருந்தது.

"காசாம்பு, பெரியப்பா" என்றேன்.

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து காசாம்பு கொல்லைக்கு வரவில்லை. நடவிலும் அவளைச் சேர்க்கவில்லை. வீட்டுப் பெண்களின் மனதைக் கலைக்கிறவள் என்று பெரியப்பா, வயல் ஆட்களை வேலைக்கு வைக்கும் காரியக்காரரிடம் சொல்லிவிட்டாராம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி அவர்கள் தெருவுக்குப் போனாள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே போனதில்லை. காசாம்பு குடிசை வாசலிலேயே நின்றாள். அம்மா ஏதேதோ சொன்னாள், நடுவில் அழுதாள். காசாம்பு தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு வெயில் தாங்காது. கூட்டிட்டுப் போங்கம்மா."

அவளுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது. வழியெல்லாம் அம்மா ஏன் பேசாமல் வந்தாள் என்பது மட்டும்தான் புரியவில்லை.