கழுத்து மணி

எங்கள் தெரு முழுக்கப் படிக்கட்டு. மேலே வீடு கட்டுகிறவர்களுக்கு மணலும் செங்கல்லும் மட்டக்குதிரை முதுகில்தான் போகும். குதிரைக்காரனும் குள்ளம். அதனால் குதிரைக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரே பெயர், மட்டம்.

அந்தப் பெயரை வைத்து அவனைப் படுத்தாத வாய் கிடையாது. நானும் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சீண்டுவேன்.

"கொத்தனார் மட்டம் பாக்குறாரு, கடைக்காரன் மட்டமான சரக்கு விக்கிறான், மேஸ்திரி உன்னை மட்டம் தட்டுறான். நீ எந்த மட்டம்டா?"

அவன் பல்லைக் காட்டுவான். "எதுவா வேணா இருந்துட்டுப் போறேண்ணே. வேலைக்கு மட்டும் மட்டம் போட்டதே இல்ல."

போட முடியாது என்பதுதான் நிஜம். மேஸ்திரி கல்நெஞ்சக்காரன். "ஒரு நாள் குதிரை வரலைன்னாலும் வேற ஆளை வச்சுக்குவேன்" என்று சொல்லியிருந்தான். இவன் மனைவிக்கோ நிறைமாதம்.

அந்த நேரம் பார்த்துக் குதிரைக்குக் கால் வீங்கிவிட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

குதிரை எப்போதும் படிக்கட்டு வளைவோடு நின்றுவிடும். அங்கிருந்து சித்தாள்கள் மூட்டையை வாங்கிப் போவார்கள். மேலே நிற்கும் மேஸ்திரிக்கு வளைவு தெரியாது. கழுத்து மணிச் சத்தம்தான் அவனுக்குக் கணக்கு.

மறுநாள் காலை மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். முதுகில் மணல் மூட்டை, கழுத்தில் குதிரையின் மணி. ஏறி வந்தது இவன்.

"அடப்பாவி! என்னடா இது கோலம்?"

"சத்தம் கேட்டாப் போதும்ணே. ரெண்டு நாள்ல அதுக்குக் கால் சரியாயிடும்."

மெஷினை விட்டு எழுந்தேன். ஒரு கை பிடிக்கப் போனேன். "விடுண்ணே, நின்னா மறுபடி தூக்க முடியாது" என்று ஏறிப் போனான். சித்தாள்களும் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

மத்தியான வெயிலில் மணி சட்டென்று நின்றது. ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன். வளைவுக்குக் கொஞ்சம் கீழே குப்புறக் கிடந்தான், மூட்டை அவன்மேல். புரட்டித் தள்ளிவிட்டு மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை.

மேலேயிருந்து மேஸ்திரி கத்தினான். "என்னடா மட்டம், மணி நின்னுபோச்சு? குதிரை சண்டித்தனம் பண்ணுதா? ரெண்டு சாத்து சாத்து, தானா ஏறும்!"

கீழே, சோற்றுத் தூக்கோடு மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்த அவன் மனைவி, அவனை மறைத்துக் குனிந்திருந்த என்னைப் பார்த்து நின்றாள்.

"குதிரை வீட்டுலதானேண்ணே நிக்குது? இவங்க யாரை அடிக்கச் சொல்றாங்க?"