மனசைப் படிக்கும் மெஷின்

போன வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம். மூளை ஆராய்ச்சிக்குக் கருவி செய்யும் இளைஞர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் ஃபெலோஷிப் தருகிறதாம். ஒரே நிபந்தனை — டாக்டரும் இன்ஜினீயரும் ஜோடியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் இதே நிபந்தனையில் நானும் ஒன்று வாங்கினேன். நான் டாக்டர். இன்ஜினீயர், வாணியம்பாடி ரஹ்மத்.

மூளையின் மின் அலைகளைக் காகிதத்தில் கோடாக இழுக்கும் மெஷினை அவன் பேட்டரியில் ஓட வைத்தான். பக்கத்தில் கரண்ட் லைன் இருந்தால் அதன் அதிர்வும் கோட்டில் கலந்துவிடும். கரண்டே இல்லாத இடம் எது? ஜவ்வாது மலை! நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இருட்டைத் தேடிக் காவலூருக்கு வந்தார்கள். நாங்கள் அதையும் தாண்டி, கம்பம் நடாத ஊருக்குப் போனோம்.

அங்கே சாமை விதைக்கும் ஆண்டியின் மனைவி குப்பிக்கு வலிப்பு. எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான மாத்திரை தர முடியும். தலையில் ஒயர்களை ஒட்டினோம்.

"இது இன்னா பண்ணும் சார்?"

வேடிக்கையாகச் சொன்னேன். "நீ நினைக்கிறதெல்லாம் எழுதிடும். ஆடாம உக்காரும்மா."

குப்பி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மனசை நாலு பேர் நடுவில் விரித்துக் காட்ட யாருக்குப் பிடிக்கும்?

ரஹ்மத் சும்மா இருக்கவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து ஒயர்களைத் தன் தலையில் ஒட்டிக்கொண்டான்.

"டாக்டரே, நான் இப்ப இன்னா நினைக்கிறேன்? படிச்சு சொல்லுங்க, பார்ப்போம்."

'தெரியாது' என்று சொன்னால் போதும், குப்பியின் பயம் போய்விடும். ஊரே கூடி நின்றது... டாக்டர் வாயில் அந்தச் சொல் வரவில்லை. "அதெல்லாம் படிக்க நேரமாகும்" என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த மழைக்காலத்தில் வலிப்பு வந்து குப்பி அடுப்பில் விழுந்தாள். வலது கை வெந்துவிட்டது. பிறகு தானாகவே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எழுதட்டும் சார். இனிமே மறைக்க இன்னா இருக்குது."

அது மனசைப் படிக்காது என்று அப்போதுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மெஷின் வலிப்பின் வகையைக் காட்டியது. மாத்திரைக்கு வலிப்பும் அடங்கியது. கைதான் மடங்கியது மடங்கியபடியே இருந்தது.

ஆராய்ச்சி அறிக்கையில், 'நோயாளி முதலில் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். ஜோடி அல்லவா, ரஹ்மத்தும் கையெழுத்துப் போட வேண்டும். அவன் பேனாவைத் திறக்கவே இல்லை.

"ஒத்துழைக்காதது யாருப்பா?"

அந்த விளம்பரத்தை இன்னொரு தடவை படித்தேன். டாக்டருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நீளமாகப் போட்டிருக்கிறார்கள். 'தெரியாது' என்று சொல்லத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை.