பிரேக்கில் வைத்த கால்

என் மகள் காரை நிறுத்தும் அழகைப் பார்த்தால் எனக்கு இன்னமும் நம்பிக்கை வராது. போன வாரம் யாங்கோனில், பசுந்தாங்குப் பேட்டையில், ஓடையை நோக்கிச் சரியும் எங்கள் பழைய தெருவில், அப்படித்தான். ஒரு பொத்தானை அழுத்தினாள், முன்னால் P என்று ஓர் எழுத்து எரிந்தது, உடனே கதவைத் திறந்துவிட்டாள். "சக்கரத்துக்குக் கல்லு வெக்கலியாடி?" என்றேன். "யாபாடே-மா, அதுவே நிக்கும்" என்று சொல்லிவிட்டு என் முட்டிவலிக்கு மருந்து வாங்கப் போய்விட்டாள். பரவாயில்லை என்பதைப் பர்மியச் சொல்லில் சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் முடிந்தது. சரிவில் நிற்கிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜன்னல் வழியாக ஈர வைக்கோல் வாசனை வந்தது. எதிர்க்கடையில் யாரோ வைக்கோல் சுற்றிவந்த த்வாண்டே ஊர் மண்சட்டிகளைக் கட்டவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பார்க்கிறேன், என் வலது கால் காரின் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. நான் சொல்லி அது அழுத்தவில்லை. இங்கே ஓடுகிற ஜப்பான் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். நான் உட்கார்ந்திருந்தது இடப்பக்கம். அந்தக் காலத்தில் என் கால் பழகிய அமெரிக்க லாரிக்கோ இடப்பக்கம்தான் ஸ்டியரிங், அங்கேதான் பிரேக். மனசு மறந்தாலும் கால் மறக்காது போலிருக்கிறது.

அந்த லாரி லான்மடா பேட்டையில் நான் டைப் அடித்த கடையின் முதலாளி பாயுடையது. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது, அப்போதே கிழடு. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். ஓடுவதில் ராஜா. நிற்பதில்தான் வம்பு. இந்தக் கால வண்டியில் இருக்கிற P அதில் இல்லை. நிறுத்த வேண்டுமானால் முதலில் என்ஜினை அணைக்க வேண்டும். அது முழுசாக அடங்கிய பிறகு கியர்க் கம்பியை ரிவர்ஸுக்குத் தள்ள வேண்டும். உள்ளே ஏதோ ஒரு பல் மாட்டி, 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது ரிவர்ஸில் போட்டாலோ பூட்டாது, பின்னால் நிற்பவன்மேல் போய் ஏறும். கை பிரேக் பேருக்கு ஒன்று இருந்தது. குடையை மாட்டி வைக்க உதவியது.

நிற்பதற்காகப் பின்னால் போகிற கியரைப் போடு என்றால் எவனுக்கு நம்பிக்கை வரும்? டிரைவர் கோ அந்தோணிக்கு வரவில்லை. ('கோ' என்பது பர்மிய மரியாதை, அண்ணன் மாதிரி. பெயர் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். கோபித்துக்கொள்ள இப்போது ஆளில்லை.) சரிவு என்றால் மனிதர் லாரியை விட்டு இறங்கவே மாட்டார். சாப்பாடு லாரியில், தூக்கம் லாரியில். முடிவெட்டுகிறவர் லாரிப் படியில் ஏறி நின்று வெட்டிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வருவார், இரண்டு தரம் ஹாரன் அடிப்பார், நான் நாலாவது மாடி பால்கனிக்கு ஓடுவேன். எங்கள் காதல் மொத்தமும் இவ்வளவுதான். சிரிக்காதீர்கள், எங்களுக்கு அதுவே போதும்போல இருந்தது.

அப்பாவுக்குப் போதவில்லை. அவர் மிஷன் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சிரைப்புக்காரர். நாலு மாடி இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்பதால் இறங்குவதையே விட்டிருந்தார். அவருடைய கால் எங்கள் பால்கனிக் கயிறுதான். யாங்கோனில் அப்போது மாடிக்கு மாடி கயிறு தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரன் கிளிப்பில் பேப்பரை மாட்டிக் கயிற்றை ஆட்டுவான், நாங்கள் மேலே இழுத்துக்கொள்வோம். அப்பா எதையும் கத்திச் சொல்ல மாட்டார். மூச்சு வீணாகும் என்று துண்டுச் சீட்டில் தந்தி மாதிரி எழுதிக் கீழே இறக்குவார்.

"கீழ நின்னு ஹாரன் அடிக்கிறவனுக்கு என் வூட்ல பொண்ணு கெடையாது" என்றார். "வேணும்னா மனுசனா மேல ஏறி வந்து கேக்கட்டும்." மோல்மேனிலிருந்து ஒரு குமாஸ்தா வரன் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதற்குச் சரி சொல்வதாக இருந்தார். லாரி இல்லாத நேரத்தில் அந்தோணி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். லாரி இல்லாத நேரத்தில் அவருக்குத் தைரியமும் இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் ஹாரன் கேட்டதும் நானே இறங்கிப் போனேன். லாரி நிறையச் சட்டிப்பானை, மூக்கைத் துளைக்கும் வைக்கோல் வாடை.

"நாளைக்கு அப்பா மோல்மேனுக்கு வாக்குக் குடுத்துருவாரு. இன்னிக்கு மேல ஏறுறீங்களா இல்லியா?"

"பேட்டரி செத்துப் போச்சு, புள்ள. அணைச்சா திரும்ப எடுக்காது. அணைக்கலேன்னா பூட்டாது. நான் எப்புடி எறங்குறது?"

"நான் உக்காந்துக்கிறேன்."

"ஒனக்கு என்னா தெரியும்?"

"மிதிக்கத் தெரியும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். "கட்டைய நம்பாத. கால எடுக்காத. என்ன ஆனாலும் எடுக்காத" என்று சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு மாடியேறினார்.

லாரிக்குப் பின்னால், இறக்கத்தில், மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அக்கா குட்டி ஸ்டூல்களைப் போட்டிருந்தாள். நாலைந்து பேர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் அவர்கள் தலைகள் தெரிந்தன. என்ஜின் உதறியது, பானைகள் கிணுகிணுத்தன. கால் மணி நேரத்தில் கெண்டைக்கால் நடுங்கியது, பிறகு மரத்தே போனது. மாதாவே மாதாவே என்று அழுத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது கயிறு இறங்கியது. கிளிப்பில் ஒரு சீட்டு. லாரியிலிருந்து எட்டினால் தொட்டுவிடலாம் போலத் தொங்கியது, ஆனால் எட்ட வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும். காற்றில் சீட்டு சுழன்றது. அப்பாவின் நீல மை தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. சம்மதம் என்றால் பால்கனிக்கு வந்து ஒரு கை அசைக்க மாட்டாரா? மறுப்பதற்குத்தானே மனிதர்கள் எழுத்தில் தருகிறார்கள்? பொலபொலவென்று அழுதுவிட்டேன். கடைசியில் மொஹிங்கா அக்காவே பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், சீட்டை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினாள்.

"மாப்பிள்ளை டீ குடிக்கிறார். பிரேக்கை விடாதே."

இவ்வளவுதான். மாப்பிள்ளை என்ற சொல்லை எத்தனை தரம் படித்தேனோ. சந்தோஷத்தில் விட்டுவிடப் போகிறேனே என்று இன்னும் பலமாக மிதித்தேன்.

இறங்கி வந்தவரிடம், "அப்பா என்ன கேட்டாரு?" என்றேன்.

"பெருசா ஒண்ணுங் கேக்கல. கீழ பிரேக்கப் புடிச்சிருக்கறது யாருன்னாரு. ஒங்க பொண்ணுதான்னேன். பால்கனில போயி எட்டிப் பாத்தாரு. அப்புறம் ஒங்கம்மாவ டீ போடச் சொன்னாரு."

எங்கள் கல்யாணத்தன்று கோயில் வாசலில் அதே லாரி. உள்ளே மோதிரம் மாற்றி முடிகிறவரை வெளியே பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது முதலாளி பாய். பிறகு பல வருஷம் எங்கள் குடும்ப வழக்கமே அதுதான். எங்கே போனாலும் ஒருத்தர் இறங்கினால் ஒருத்தர் லாரியில்.

அப்பா போனார். லாரி பழைய இரும்புக்குப் போனது. அந்தோணி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லாரி போய் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "வண்டில யாரு இருக்கா?" என்று பதறினார்.

"நான் இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பேசவில்லை. எனக்குச் சில நாள் ரொம்ப அலுப்பாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போயிட்டு வாங்க என்று சொன்னது நான்தான். எத்தனை நேரம்தான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது?

எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது லிஃப்ட் வைத்த பெரிய கட்டடம். கார் ஜன்னலில் தலையைச் சாய்த்து நாலாவது மாடியை எண்ணிப் பார்த்தேன். கண்ணாடியடைத்த பால்கனி, கயிறு தொங்க வழியே இல்லை. எதுவானாலும் இப்போது போனில் சொல்லிவிடுகிறார்கள்.

மகள் மருந்தோடு வந்து கதவைத் திறந்தாள். "என்னம்மா இது, கால இப்பிடி ஊணிக்கிட்டு உக்காந்திருக்கே? அதான் வலிக்குது. எடும்மா."

மெதுவாக எடுத்தேன். வண்டி நகரவில்லை.