சவரிமுத்து கங்காணியின் இருமல்

சாவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் சவரிமுத்து கங்காணி ஆயத்தமாக வைத்திருந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, மெழுகுதிரி, கையில் சுற்றச் செபமாலை, எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில். மனைவி அருளாயியின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் பார்த்தாயிற்று. சவப்பெட்டியைத் தூக்குவதற்கு ஆட்களும் சொல்லிவைத்தாயிற்று, யார் முன்னால், யார் பின்னால் என்பது வரை.

"ஆண்டியப்பன் தோளு மட்டும் என் பொட்டியில படக்கூடாது," என்பதையும் சொல்லியிருந்தார்.

ஆண்டியப்பன் அதே லய வரிசையில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர். நடுவில் ஒரு சுவர்தான்.

நான் ஹட்டனில் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துவிட்டு வந்தவள். இப்போது எங்கள் கோயில் பங்கில் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிறேன். கங்காணிக்கு இடுப்பெலும்பு முறிந்தபின், மருமகள் சர்மிளா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனால் வீடு திரும்பும்வரை அவர் என் பொறுப்பு. உடம்பு விழுந்ததே தவிர வாய் விழவில்லை. படுத்தபடியே, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவர் போல விரட்டுவார்.

"நர்ஸம்மா, கஞ்சியில உப்பு எங்க?"

"ஒங்க பிரஷர்ல ஏறி உக்காந்திருக்கு. குடிங்க."

சர்மிளா வந்ததும் மூவருமாகச் செபம் சொல்வோம். பரலோக மந்திரத்தில், நமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுக்கும் இடம் வந்ததும் கங்காணிக்கு இருமல் வரும். அந்த இடம் தாண்டியதும் நின்றுவிடும். சளி என்று நினைத்து முதலில் ஆவி பிடிக்கவைத்தேன். சளி அப்படி இடம் பார்த்து வராது.

சாமியார் நன்மை அப்பம் கொண்டுவந்தாலும், "அடுத்த தடவ பாப்போம் சாமி," என்று திருப்பி அனுப்பினார். தூக்கமும் இல்லை. ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"சாகப் பயமா?"

"சாக என்னா பயம்? அதுக்கப்புறம் முடிவே இல்லேங்கிறாங்களே, அதான். இந்த மனச வச்சிக்கிட்டு அங்க எப்பிடி நிக்கிறது?"

விஷயம் வெளியே வந்தது. தோட்டத்தில் ஒரு சாவு என்றால் ஆண்டியப்பன் தப்பு மேளம் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் லயம் லயமாக ஆட்கள் வந்து சேருவார்கள். அருளாயி செத்த அன்று அவர் அடிக்கவில்லை.

"வேதக்காரிதானேன்னு எளக்காரம். சத்தமில்லாம கொண்டுபோய்ப் பொதைச்சோம்."

"ஏன்னு அவருகிட்ட கேட்டீங்களா?"

"நான் போய்க் கேக்கணுமா?"

நான் உபதேசம் பண்ணவில்லை. அதற்குச் சாமியார் இருக்கிறார். ஆனால் அடுத்த வாரம் கங்காணியின் முதுகு சிவந்திருந்தது. அப்படியே விட்டால் படுக்கைப் புண். கனத்த உடம்பு, தனியாகப் புரட்ட முடியாது. லயத்தில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அடுத்த காம்பராவில் மட்டும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சுவரைத் தட்டினேன்.

"ஆண்டியப்பண்ணே, ஒரு கை குடுங்க!"

"அவன் வேணாம்!" என்றார் கங்காணி.

"அப்ப புண்ணு வரட்டுமா?"

ஆண்டியப்பன் வாசலில் வந்து நின்றார். "வரலாமா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

"சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க."

கங்காணியின் தோளுக்கு அடியில் கையைக் கொடுக்கச் சொன்னேன். ஒரே மூச்சில் புரட்டினோம். கங்காணியின் முகம் ஆண்டியப்பனின் நெஞ்சில் போய் இடித்தது. "அப்பிடியே பிடிங்க," என்று சொல்லிவிட்டு முதுகைத் துடைத்தேன்.

"என்னாய்யா கங்காணி, மா மூட்ட மாதிரி கனக்குற?"

"ஒன்னய யாரு தூக்கச் சொன்னா?"

"செத்தப்புறந்தானே நான் தூக்கக்கூடாது? இப்ப தூக்கலாமில்ல?"

சுவர் மெல்லியது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

கங்காணி அந்த நெஞ்சுக்குள்ளேயே கேட்டார். "அருளாயிக்கு ஏய்யா அடிக்கல?"

"அடிக்கத்தானே தப்ப நெருப்புல காட்டிக்கிட்டு நின்னேன். ஒங்க கோயில் உபதேசியாரு வந்து, வேதக்காரவுங்க சாவுக்கு அது ஆகாதுன்னாரு. நீ சொல்லி அனுப்பினேன்னு நெனச்சேன். அழுகையா வந்துச்சு, வீட்டுக்குப் போயிட்டேன்."

"நான் சொல்லலய்யா."

"இப்பத்தானே தெரியுது. நானும் வந்து கேக்கல."

அந்த உபதேசியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே கண்டால் கங்காணியே கேட்டுக்கொள்ளட்டும்.

"கையி மரத்துப்போச்சும்மா. முடிஞ்சுதா?" என்றார் ஆண்டியப்பன்.

"எப்பவோ முடிஞ்சுது," என்றேன்.

அன்று செபத்தில் அந்த இடம் வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன். கங்காணியின் குரல் கரகரத்தது. இருமல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கினார். தன் சாவுக்குத் தப்பு அடிக்கலாமா என்றும் கேட்டார். "கோயில் வாசல் வரைக்கும் தாராளமா," என்றார் சாமியார்.

கங்காணி இன்னும் இருக்கிறார். நன்றாகத் தூங்குகிறார். முதுகுச் சிவப்பு போய்விட்டது. பெட்டியைத் தூக்குவதா, தப்படிப்பதா, இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று இருவருக்கும் தினமும் சண்டை. ஆனால் புரட்டும் நேரத்துக்கு ஆண்டியப்பன் தவறாமல் வந்துவிடுகிறார், கையைக் கழுவிக்கொண்டு.