புள்ளி விழுந்த கடற்பாசி

கழிமுகத்துக் கடற்பாசியில் எத்தனை வகைப் பங்கசு, அதாவது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பேச்சில் பூசணம், குடியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால் பட்டம் தருவதாகப் பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. உலகமே அதற்காகத்தான் காத்திருக்கிறது என்று நானும் நம்பினேன். முழங்காலளவு சேற்றில் நின்று மூன்று நாள் பொறுக்கினேன். கறுப்புப் புள்ளி விழுந்த துண்டுகள்தான் எனக்குத் தங்கம். புள்ளியில்லாதவை சும்மா ஒப்பிட்டுப் பார்க்க.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தால் வேலைநிறுத்தம், ஆய்வுகூடத்துக்குப் பூட்டு. கொழும்பு வெக்கையில் பாசி அழுகிவிடும். எங்கள் தோட்டத்துக் குளிருக்கு எந்த ஃபிரிட்ஜும் உறை போடக் காணாது என்று என் மூளை வேலை செய்தது. பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, றொசல்லையில் இறங்கி, வீடு போய்ச் சேர்ந்தேன்.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். பைக்குள் என்ன என்று கேட்டார்.

"பாசிம்மா. படிப்புக்கு. பத்திரமா வைக்கணும்" என்றேன். அதற்குமேல் விளக்குவது என் படிப்புக்குக் குறைச்சல் என்று நினைப்பு.

மறுநாள் டவுனுக்குப் போய் வந்தபோது பை பாதியாக இளைத்திருந்தது. அம்மா பாசியை விரித்த சாக்கில் கொட்டி, துண்டு துண்டாகப் பார்த்து, புள்ளி விழுந்ததையெல்லாம் பொறுக்கி ஓடையில் எறிந்திருந்தார்.

"புள்ளி விழுந்த எலையோட போனா, நிறுக்கிற எடத்துல கணக்கப்புள்ள எல்லார் முன்னாலயும் கொட்டிவிட்டு ஏசுவாரு. ஒன்னயும் ஒங்க சார் அப்புடி ஏசக்கூடாதுல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கத்தினேன். "அந்தப் பூசணந்தாம்மா வேணும். அது இல்லாட்டி இந்த வருசம் பட்டம் இல்ல."

அம்மா என் கட்டிலை இழுத்து நகர்த்தினார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். ஒவ்வொரு மழைக்கும் அவர் சுண்ணாம்பு கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு நடந்ததும், "அது வெறும் ஈரம்" என்று பதில் வந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கழிமுகத்துக்குப் போயிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அம்மா குசினியிலிருந்து ஒரு கரண்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கேலி எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"வேணுங்கிறத சொரண்டிக்க. காணாட்டி சொல்லு. பக்கத்து வீட்டுச் செவத்துல இன்னும் நல்லா வெளஞ்சிருக்கு, கேட்டு வாங்கித் தாரேன்."