மேட்டில் மட்டும் வலித்த பல்

முதலில் வலித்தது இடது கீழ்த்தாடை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறும் செங்குத்தான படிகளில், ஸ்கேனர் பையைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் போயிருந்தேன். மூச்சு வாங்க நின்றேன், வலியும் நின்றது. பல் மருத்துவருக்கே பல்வலியா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மலையூரான பிரிஞ்சாங்கில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பல் பார்க்கிறேன். வாயை மட்டும் பார்த்து அனுப்புகிற வழக்கம் எனக்கில்லை. தூக்கம், சர்க்கரை, வேலை, கவலை எல்லாவற்றையும் விசாரிப்பேன். அதற்கென்று ஒரு கேள்வித்தாளே உண்டு. பிறகுதான் ஸ்கேனர் (பேனா போல வாய்க்குள் விட்டால் பற்களைத் திரையில் முப்பரிமாணமாகக் காட்டும் கருவி). மாதம் இருமுறை அதைத் தோட்டத்துக்கும் கொண்டுபோவேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் பற்களையே திரையில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்த வியப்பைப் பார்ப்பதற்காகவே படியேறலாம்.

அன்று மாலை உதவியாளரிடம் என் வாயையும் ஸ்கேன் செய்யச் சொன்னேன். கடைவாய்ப் பல்லில் முடியளவு விரிசல். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மகிழ்ச்சி எனக்கு.

கீழே ஈப்போ நகரில் பல் மருத்துவராக இருக்கும் தோழி, "இந்த வயசுல யாருக்குத்தான் விரிசல் இல்ல? கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே," என்றாள். அவளை நச்சரித்து உறை (பல்லின் மேல் மாட்டும் கவசம்) போட்டுக்கொண்டேன். அடுத்த முறை படியேறியபோது அதே வலி. அப்படியானால் நரம்புதான் என்று முடிவுகட்டி, வேர்ச் சிகிச்சைக்கு (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிடுவது) வெள்ளிக்கிழமை நாள் குறித்தேன்.

புதன்கிழமை என் உதவியாளர் ரோகிணி கேள்வித்தாளோடு வந்து நின்றாள்.

"டாக்டர், நாற்காலில உக்காருங்க. எல்லார்கிட்டயும் கேக்குறீங்க, உங்ககிட்ட யாருமே கேக்கல லா."

விளையாட்டுக்கு உட்கார்ந்தேன்.

"சாப்புடுறப்ப வலிக்குதா?"

"இல்ல."

"ஐஸ் தண்ணி குடிச்சா?"

"இல்ல."

"அப்புறம் எப்பதான் டாக்டர் வலிக்குது?"

"மேட்டுல ஏறுறப்ப."

சொன்னதும் எனக்கே உறைத்தது. ஏறினால் வலித்து, நின்றால் அடங்குவது பல்லின் குணமல்ல. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது தாடையில் வலிக்கலாம் என்பது கல்லூரியில் படித்ததுதான். வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன். பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது.

என் கணவர் அன்றே என்னை ஈப்போவுக்குக் காரில் அழைத்துப்போனார். ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி இதயக் குழாய்களைப் படமெடுப்பது) எடுத்தார்கள். திரையில் ஒரு குழாய் நூலாக ஒடுங்கியிருந்தது. உயிர் போகிற விஷயம் என்று தெரிந்தும் பார்க்க ஆசையாக இருந்தது.

"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க டாக்டர்," என்றேன்.

"படுத்திருக்கிறது நீங்கம்மா," என்றார் இதய மருத்துவர். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அந்தப் படியிலயே விழுந்திருப்பீங்க."

ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) வைத்தார்கள். அன்றிரவு கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் மேடேறினாலோ வேகமாக நடந்தாலோ தாடையோ தோளோ வலித்து, நின்றால் அடங்குகிறதா? பல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள், அன்றே இதயத்தைக் காட்டுங்கள். நின்றும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூன்று மாதம் கழித்துத்தான் படியேற அனுமதி கிடைத்தது. ரோகிணி பையைத் தூக்கிக்கொண்டாள். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் ஏறிவிட்டு, பின்னால் வருகிறவர்களை அவசரப்படுத்துவேன். இப்போது ஒவ்வொரு படியிலும் உள்ளே துடிப்பது தெரிகிறது. பாதி வழியில் வலிக்காகக் காத்து நின்றேன். அது வரவில்லை. கீழே யாரோ கைப்பேசியில் மகனைத் திட்டிக்கொண்டே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே நின்றேன்.

ரோகிணி பதறிப்போய் இறங்கி வந்தாள். "வலிக்குதா டாக்டர்?"

"இல்ல," என்றேன். "சும்மாதான் நிக்கிறேன்."