செருப்பைப் பார்த்து உள்ளே போனேன்

இந்த நாட்டுக்கு அகதியாக வந்து வெக்ஸ்போர்ட் பகுதியில் மகளோடு இருந்தபோது அடுக்குமாடியில் ஒரே இரைச்சல். ஆனால் லிப்டில் ஏறினால் யாராவது தமிழில் பேசுவார்கள். போன கோடையில், அதே நகரத்தின் மில்லிக்கன் பகுதியில் மகன் வாங்கிய வீட்டுக்கு வந்தேன். அமைதியான இடம், ஆனால் தெருவில் ஆளில்லை. வீடுகளெல்லாம் ஒரே மாதிரி. வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் எங்கள் வீட்டை அறிவேன்.

ஒருநாள் தனியே நடந்துவிட்டு வந்து, செருப்புகள் கிடந்த வாசலில் என் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு, திறந்திருந்த கதவால் உள்ளே போனேன். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற சீனக்காரர் என்னைக் கண்டு கத்தினார். டெலிபோனை எடுத்தார். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பொலிஸ் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பயந்து, கையெடுத்துக் கும்பிட்டேன். இங்கிலீசில் ஒரு சொல்லும் வரவில்லை.

அவருடைய மனைவி வாசலை எட்டிப் பார்த்தார். தங்கள் செருப்புகளோடு வரிசையாக இருந்த என் சப்பாத்தைக் கணவருக்குக் காட்டினார். அவர் டெலிபோனை வைத்துவிட்டார். அந்தப் பெண் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தபோது, அங்கிருந்து மூன்றாவதாக இருந்த எங்கள் வாசலில் மருமகள் நின்றாள்.

"எங்கை மாமி போனனீங்கள்? நான் பயந்துபோனன்!"

"உது எங்கடை வீடெண்டு நினைச்சுப் போட்டன், பிள்ளை."

"அவையும் செருப்பை வெளியிலைதான் விடுவினம், மாமி."

இப்போது வீட்டு நம்பரை எழுதிக் கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். கதவு திறந்திருந்தாலும் பெல் அடித்து, "ஆரது?" என்று தமிழில் குரல் கேட்ட பிறகுதான் சப்பாத்தைக் கழற்றுகிறேன்.